பிள்ளைகளின் டான்சில்: ‘பவர்’ மருந்தா, சரியான மருந்தா?

கோலசிலாங்கூர்: தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற விதி 2025 மே 1 முதல் நடப்பில் உள்ளது. மருந்தின் விலை பற்றி அதன் பிறகு நிறையவே பேசியாகிவிட்டது. அந்த மருந்து பிள்ளைக்குத் தேவைதானா என்ற கேள்வி மட்டும் பின்தங்கி நிற்கிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு இது அன்றாடக் கேள்வி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் டான்சில் வீக்கத்துக்குப் பெற்றோர் முதலில் எதிர்பார்ப்பதே ஆண்டிபயாட்டிக்தான்.

பிள்ளைகளின் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருகிறது. நூற்றில் 20 முதல் 30 பேருக்குத்தான் ‘குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்ற பாக்டீரியா காரணம். இருமல், மூக்கு ஒழுகல், குரல் கம்மல் இருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருமல் இல்லாமல் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டு ஆகியவை சேர்ந்து வந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். வைரஸை ஆண்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது.

2014இல் நாடு தழுவி நடந்த ஓர் ஆய்வில், தனியார் கிளினிக்குக்கு வந்தவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு ஆண்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. அரசாங்கக் கிளினிக்குகளில் அது 7 விழுக்காடு. நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகள் அரசாங்கக் கிளினிக்குகளில் அதிகம் என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் இடைவெளி பெரியது.

இதற்கு மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான். ஆனால் தோட்டத்திலிருந்து போய் எண் எடுத்துக் காத்திருந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் வேலை முடிந்து மாலையில் டவுன் கிளினிக்குக்குப் போகும் பெற்றோர், “மறுபடி வர முடியாது, நல்ல பவர் மருந்தாகக் கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். மருத்துவரே மருந்தும் கொடுக்கும் இடத்தில் ‘தேவையில்லை’ என்று சொல்வது எளிதல்ல.

பழைய மருந்தே போதும்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விஷயத்தில் ‘பவர்’ மருந்து என்ற எண்ணமே தவறு. 1940களிலிருந்து புழங்கும் பென்சிலினுக்கு இந்தப் பாக்டீரியா இன்றும் கட்டுப்படுகிறது. அதே குடும்பத்து அமோக்சிசிலினும் பலன் தரும். மாறாக, பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தரப்படும் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பல நாடுகளில் பரவியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் அதைக் கவனிக்க வேண்டிய கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது.

அடிக்கடி டான்சில் வரும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களின் டான்சிலுக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகளும் தங்கியிருக்கும். பென்சிலினைச் சிதைக்கும் நொதியை இவற்றில் பல உண்டாக்குகின்றன. மேலே பஞ்சால் துடைத்து எடுக்கும் மாதிரியில் உள்ளிருக்கும் கிருமி சில நேரம் தெரிவதில்லை. எந்த மருந்துக்கு எந்தக் கிருமி கட்டுப்படும் என்று காட்டும் பரிசோதனை இத்தகைய பிள்ளைகளுக்கே அதிகம் உதவும். ஆண்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும்.

அதற்காகப் பாக்டீரியாத் தொற்றை அலட்சியம் செய்யவும் கூடாது. சிகிச்சை பெறாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இருதய வால்வு கெடுகிறது. தொண்டை வலி தொடங்கிய 9 நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் இதைத் தடுக்க முடியும். ஆக, பிள்ளை ஓரளவு தெம்பாக இருந்தால் பரிசோதனை முடிவுக்கு இரண்டு நாள் பொறுப்பதில் ஆபத்தில்லை. பென்சிலின் கொடுத்தால் வழக்கமாக 10 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, மிச்ச சிரப்பைத் தம்பிக்கு எடுத்து வைப்பது இருவருக்கும் கெடுதல். தண்ணீர் கலந்த சிரப் ஓரிரு வாரத்தில் வீணாகிவிடும்.

என்ன செய்யலாம்?

ஆண்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். மலேசியாவிலும் இதற்கென 2022–2026 செயல்திட்டம் உள்ளது. அத்திட்டம் தோட்டப்புறத்தை எட்ட வேண்டுமானால், சில நிமிடங்களில் முடிவு சொல்லும் தொண்டைப் பரிசோதனை அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குகளில் கிடைக்க வேண்டும். மருந்துப் புட்டியில் தமிழிலும் விளக்கம் வேண்டும். வேலை முடிந்து வருவோருக்கு ஏற்ற நேரத்தில் கிளினிக் திறந்திருக்க வேண்டும்.

பெற்றோர் தங்கள் பங்குக்கு, ஒவ்வொரு முறை டான்சில் வந்த தேதியையும் கொடுத்த மருந்தின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். ஓராண்டில் 7 முறை, அல்லது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு 5 முறை வந்தால் அறுவை சிகிச்சை பற்றி நிபுணர் யோசிப்பார். கிளினிக் மாறி மாறிப் போகும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேறு எங்கும் இருக்காது.

எச்சில் விழுங்க முடியாமல் வழிதல், வாய் திறக்க முடியாமை, மூச்சுத்திணறல் இருந்தால் கிளினிக்குக்காகக் காத்திருக்காமல் தஞ்சோங் காராங் மருத்துவமனை போன்ற அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். தொண்டை வலி ஆறிய சில வாரங்களில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, மூட்டு மாறி மாறி வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.