நாட்டுக்கு ஒரு கணக்கு, மாமாவுக்கு வேறொரு கணக்கு

மாமா பருத்தித்துறையில் சின்னப் படகுத் தொழில். போன மாசம் எஞ்சினுக்கு லோன் கேட்டு அவரோட ஒரு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை அடையாள அட்டை இலக்கத்தை அடிச்சுப் பாத்திட்டு, "ஐயா, கிறிப்பில பிரச்சினை இருக்கு" எண்டா. கதை முடிஞ்சுது.

பிரச்சினை 2022 இல் வந்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. வெளியிணைப்பு எஞ்சின் ஓடுறதே மண்ணெண்ணெயில்தான். கடலுக்குப் போனாலும் நட்டம், போகாட்டிலும் நட்டம். எட்டு மாசம் கட்டுக்காசு தவறியது. பிறகு மாமி நகையை அடைவு வைச்சு, வட்டியோட எல்லாத்தையும் கட்டி முடிச்சினம்.

அதே வருஷம் ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசும் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது எண்டு அறிவிச்சது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கிட்டத்தட்ட 300 கோடி டொலருக்கு ஒப்புதல் குடுத்தது. கடன்காரர் தவணையை நீட்டிச்சினம், கொஞ்சத்தைக் கழிச்சும் விட்டினம். 2024 டிசம்பரில் பழைய கடன் பத்திரங்களை மாத்தினவுடனே ஃபிட்சும் மூடிஸும் தரத்தை உயர்த்தின. நாட்டிட்ட ஒருத்தரும் தாலியை அடைவு வைக்கச் சொல்லேல்லை.

கிறிப்பைத் திட்டுறதில் பிரயோசனம் இல்லை. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அந்தக் கொடுகடன் தகவல் பணியகம் கறுப்புப் பட்டியல் வைச்சிருக்கிறதில்லை; கடன் குடுத்தவை அனுப்புறதைத் தொகுத்துக் குடுக்குது. கடன் குடுக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது வங்கி. தவறின மாதங்களைப் பாத்த கண், கட்டி முடிச்ச வரியைப் பாக்கிறதில்லை. எனக்குக் கோவம் அங்கதான்.

"எல்லாரையும் மன்னிச்சா ஆர் கட்டுவினம்?" எண்டு கேப்பினம். நியாயமான கேள்விதான், வங்கியில் கிடக்கிறது எங்கட ஆக்களின் சேமிப்பு. பதிவை அழிக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. நாடே விழுந்த மாதங்களில் தவறினதையும், நல்ல காலத்தில் ஏமாத்தினதையும் ஒரே தராசில் வைக்கவேண்டாம் எண்டுதான் கேக்கிறேன். தனி ஆள் கடனில் முறிஞ்சா எழும்ப எங்களிட்ட இருக்கிறது 1853 இல் பிரிட்டிஷ்காரர் எழுதின முறிவுச் சட்டம். எங்கட ஊரில் அதைப் பாவிச்ச ஒருத்தரையும் நான் கண்டதில்லை.

வங்கி கதவைச் சாத்தினா மாமா போறது மீன் வாங்கிற முதலாளியிட்ட. அவர் முற்பணம் தருவார், மீனுக்கு விலையும் அவரே வைப்பார். அந்தக் கடனை நாள் தவறாமல் கட்டினாலும் கிறிப்பில் ஒரு வரி ஏறாது. ஊர்ச் சீட்டும் அப்பிடித்தான். எங்கட ஆக்களின் நாணயம் முழுக்க, ஒருத்தரும் எழுதி வைக்காத இடத்தில்தான் கிடக்கு.

இதை வாசிக்கிற நீங்கள் உங்கட சொந்த அறிக்கையை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ; வங்கி மூலம் எடுக்கலாம். சிநேகிதனுக்குப் பிணை நிண்டிருந்தா அதுவும் அதில் இருக்கும். கட்டி முடிச்ச கடன் இன்னும் நிலுவையாக் கிடந்தா, முடிச்ச கடிதத்தைக் காட்டித் திருத்தக் கேக்கலாம்.

மாமாவின் கடிதம் மாமியின் பிஸ்கட் ரின்னுக்குள்ள கிடந்தது. திங்கக்கிழமை கடலுக்குப் போகாமல் அதைக் கொண்டு திரும்பவும் வங்கிக்குப் போறம். மாமா வர மாட்டன் எண்டுறார். மாமி வாறா.