பன்னிரு சுரமும் ஒரு பண்டிதரும்

விழா மலரில் பழைய நினைவுகளை விரித்துரைப்பதும் ஆசிரியப் பெருமக்களைப் போற்றுவதும் மரபு. அம்மரபு நன்றே. ஆயினும், நம் மாணவர்க்குப் பயன்படும் கருத்தொன்றை முன்வைத்தலே பழைய மாணவனாகிய யான் கல்லூரிக்குச் செலுத்தத்தக்க கடன் எனக் கருதுகின்றேன். அஃதாவது: இசை, பரிசளிப்பு விழாவின் அணிகலன் அன்று, கணிதமும் விஞ்ஞானமும் போல ஆராய்ந்து கற்றற்குரிய கல்வித்துறை என்பதே.

இதற்குச் சான்று ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை. 1859ஆம் ஆண்டு, திருநெல்வேலிச் சீமையின் சாம்பவர் வடகரையிற் பிறந்த அவர், ஆசிரியராகத் தொண்டாற்றிப் பின்னர்த் தஞ்சையிற் சித்த மருத்துவராகப் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளை எங்ஙனம் செலவிட்டார்? 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை அழைத்து மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நிகழ்ந்த அனைத்திந்திய இசை மாநாட்டிற்குச் சென்று, தம் புதல்வியர் இசைத்துக் காட்டத் தம் கொள்கையை எடுத்துரைத்தார். மறு ஆண்டில் அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூல் வெளிவந்தது. 1919இல் அவர் மறைந்தார்.

அவர் கொள்கைதான் யாது? ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உள என்பது வடநூலார் வழக்கு. பண்டிதரோ, சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் காணப்படும் பன்னிரு இராசி வட்டத்தை நுணுகி நோக்கி, ஸ்தாயி 12 சமமான சுரங்களாகவும் 24 சமமான சுருதிகளாகவும் பகுபடும் என்றார். பஞ்சமத்தின்மேற் பஞ்சமமாகப் பன்னிரு முறை ஏறினால், தொடங்கிய சட்சத்தின் மேல்நிலையைச் சரியாக அடைவதில்லை, சிறிது மிஞ்சுகின்றது. வட்டம் பிசகின்றி மூட வேண்டுமாயின் பகுப்புச் சமமாதல் வேண்டும். இஃது எவரும் எண்ணிப் பார்க்கத்தக்க கணக்கு.

பன்னிரு சுரங்களை மேனாட்டிலும் ஒருவர் புதுவழியில் நோக்கினார். அவர் 1874இல் வியன்னாவிற் பிறந்த ஆர்னோல்டு ஷோன்பெர்க். பன்னிரண்டையும் ஒரு வரிசையில் நிறுத்தி, வரிசை முற்றுமுன் எச்சுரமும் மீள வாராதவாறு இசையமைக்கும் முறையை அவர் 1920களின் தொடக்கத்தில் வகுத்தார். அவர்க்கு எச்சுரமும் அரசன் அன்று. பண்டிதர்க்கோ அளவில்தான் சமம். ஆதார சட்சமும் இராக இலக்கணமும் தத்தம் ஆட்சியில் நின்றன. யூதராகப் பிறந்தமையால் 1933இல் பெர்லினிற் பதவியிழந்து, அமெரிக்கா சென்று கற்பித்து வாழ்ந்த ஷோன்பெர்க், 1951இல் இறந்தார். இருவர் வழியும் வேறு. கேட்டுப் பழகியதையே மீண்டும் எண்ணிப் பார்க்கும் துணிவு ஒன்றே.

நம் நாட்டுக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளும் இத்துறையில் உழைத்தவரே. விஞ்ஞானம் கற்ற அவ்வடிகள், சிலப்பதிகாரத்தையே அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்து, 22 அலகுகளைக் கொண்டார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். ஒரே நூல், இரு முடிபுகள்! பண்டிதர் கிறித்தவர், அடிகள் இராமகிருஷ்ண சங்கத் துறவி. இருவரையும் ஒருங்கு வைத்துக் கற்பதே ஓர் இந்துக் கல்லூரிக்குப் பெருமை தரும்.

‘பாடகன் கணக்குப் பார்த்தா பாடுகின்றான்?’ எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. கமகம் அளவுகோலுக்கு எளிதில் அடங்குவதன்று. பண்டிதரின் சம அளவை வித்துவான்கள் பலர் ஏற்றிலர். ஆயினும், அளந்து பார்த்தமையாலன்றோ அளவுக்குள் அடங்காதது எது என்பதும் புலனாயிற்று!

இனி, நம் வலப்பனைக்கு வருவோம். லயத்து மக்களை விடியலில் எழுப்பிய பெரட்டுத் தப்பின் ஓசையும், மாசியில் நிகழும் காமன் கூத்துப் பாடல்களும் நம்முடைய செல்வங்கள். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். சொற்கள் ஏடேறின, அவற்றின் சுரமும் தாளமும் ஏடேறுதல் வேண்டும். அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். ஒரு கூத்து வாத்தியார் மறையுந்தோறும் ஒரு நூலகம் பூட்டப்படுகின்றது; திறவுகோலும் அவருடனேயே போய்விடுகின்றது.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களை யான் வேண்டுவது ஒன்று. கணித ஆசிரியரும் இசை ஆசிரியரும் கூடி, மேல்வகுப்பு மாணவர் சிலரைத் தோட்டங்களுக்கு அனுப்புக. தப்பின் அடிகளை எண்ணட்டும். பாட்டின் சுரங்களைக் குறிக்கட்டும். ஐயம் தோன்றினால் வாதிடட்டும். பெரும்பொருள் இதற்கு வேண்டியதில்லை. கேட்குஞ் செவியும் எழுதும் ஏடும் போதும். பழைய மாணவராகிய நாமும் நம் ஊர் முதியோரிடம் அவர்களை அழைத்துச் செல்லுதல் கூடும். அடுத்த மலரில் இடம்பெறும் கட்டுரை, நம் மாணவன் ஒருவன் தன் பாட்டனாரிடம் கேட்டு எழுதியதாக அமையுமாயின், இவ்விழா பயன் பெற்றதாகும்.