தேவைப்படும் மாதத்தில் வராத உதவித்தொகை

கல்லூரிகள் திறந்துவிட்டன. குறுவை நடவு நடக்கும் இந்த நாட்களில்தான் நம் தெருக்களிலிருந்து பல பிள்ளைகள், அந்தக் குடும்பத்தின் முதல் ஆளாக, பட்டப்படிப்புக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் பங்கு மிக அதிகமாக உள்ள மாவட்டம் திருவாரூர். 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 34 பேர். ஆகவே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்பது இங்கே ஏதோ ஒரு துறையின் கோப்பு அல்ல. மாவட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு வீடுகளின் அடுத்த தலைமுறை.

திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவரின் கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்கும். அதோடு ஒரு படித்தொகையும் உண்டு. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை எடுத்த முடிவின்படி செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசுடையது, 40 விழுக்காடு மாநில அரசுடையது. மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவர்களை ஒன்றிய அரசு பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்தாலும், தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து அவர்களுக்கும் உதவித்தொகை தருகிறது. இதையெல்லாம் நாம் மறுக்கவில்லை.

நாம் கேட்பது ஒன்றுதான்: பணம் எந்த மாதத்தில் வருகிறது?

கல்லூரி கட்டணம் கேட்பது ஜூன், ஜூலையில். உதவித்தொகைக்கு விண்ணப்பம் பெறுவது அதன் பிறகு. கல்லூரி சரிபார்க்க வேண்டும், மாவட்ட அலுவலகம் சரிபார்க்க வேண்டும், துறை ஒப்புதல் தர வேண்டும். மாநிலப் பங்கு முதலில் வரவேண்டும். அதற்குப் பிறகே ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். எல்லாம் முடிந்து பணம் கைக்குக் கிடைக்கும்போது கல்வியாண்டின் கடைசிப் பருவம் வந்துவிடுகிறது. சிலருக்கு அடுத்த ஆண்டும் பிறந்துவிடுகிறது.

டெல்டாவில் கூலிக் குடும்பத்தின் கையில் நாலு காசு புழங்குவது சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில். கட்டணம் கேட்கும் ஆனி, ஆடியிலோ கோடை முழுக்க வேலை இல்லாமல் இருந்த வீடு அது. அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. மகளிர் குழுக்கடன் வாங்கி வாரத் தவணை கட்டுகிறார்கள். உதவித்தொகை ஒருநாள் வந்து சேர்கிறது. கட்டிய கட்டணத்துக்கு அது ஈடாகலாம். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் கட்டிய வட்டியை எந்தத் திட்டமும் திருப்பித் தருவதில்லை. அரசு தாமதிக்கிறது, தாமதத்தின் விலையைச் சேரி கொடுக்கிறது.

கடன் கிடைக்காத வீட்டில் நடப்பது இன்னும் மோசம். 'உங்கள் பணம் இன்னும் வரவில்லை' என்று வகுப்பில் எழுப்பி நிறுத்துவதும், தேர்வு நுழைவுச்சீட்டைத் தரமாட்டோம் என்பதும், படிப்பு முடிந்த பிறகும் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் சில தனியார் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது. அதைக் கேட்க மாணவரைத் தனியாக அனுப்பிவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், நம் மக்களின் குறைகளைத் தொகுத்து அரசிடம் ஒரு மனு அளித்தார். கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதில் முக்கியக் கோரிக்கை. அதைத் தொடர்ந்து 1944இல் தொடங்கியதுதான் இந்த உதவித்தொகை. பணம் நின்றுபோனால் படிப்பு என்னவாகும் என்பதை அண்ணல் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர் அவர். சேமிப்பையும் கடனையும் வைத்துக்கொண்டு 1920இல் மறுபடி போய்த்தான் முடித்தார். அவருக்கு மறுபடி போக முடிந்தது. பாதியில் நின்று திருப்பூருக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

தாமதத்தைத் தவிர்க்க வழி இல்லை என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. வழி ஒன்றிய அரசின் விதிமுறையிலேயே இருக்கிறது. தகுதியுள்ள மாணவருக்கு 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற அட்டையை மாநில அரசு வழங்கலாம். அதைக் காட்டினால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்காமல் கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகை வந்ததும் மாணவர் செலுத்துவார். நம் ஊர்களில் இந்த அட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மாதாமாதம் பணம் போடுவதும் அரசுக்குப் புதிதல்ல. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் மாணவர் கணக்குக்குப் போகிறது. அதே மாணவர், அதே கணக்கு, அதே ஆதார். ஒன்று மாதந்தோறும் போக முடியும்போது மற்றது ஏன் ஆண்டு முடிவுவரை காத்திருக்க வேண்டும்?

தொகையையும் பார்ப்போம். வீட்டிலிருந்து போய்வந்து பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் மாணவருக்குப் படித்தொகை ஆண்டுக்கு 3,000 ரூபாய், அதாவது மாதம் 250. விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 6,000. வருமான வரம்பான 2.5 லட்சம் 2013இல் நிர்ணயித்தது. அப்பா கொத்தனார் வேலையில் நாளுக்கு 700 ரூபாய் வீதம் 22 நாள், அம்மா 350 ரூபாய் வீதம் 20 நாள் என்று வேலை கிடைத்தாலே ஆண்டு வருமானம் 2,68,800 ஆகிவிடும். அந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. ஆனால் 2019இல் வந்த 10 விழுக்காடு ஒதுக்கீட்டில் 8 லட்சம் வரை வருமானம் உள்ள முன்னேறிய சாதியினர் ஏழைகள். வறுமைக்கும் சாதிக்கேற்ற அளவுகோலா?

இந்த விதிகளுக்கான திட்டக்காலம் 2025-26 நிதியாண்டு வரையிலானது. அடுத்த விதிகள் எழுதப்படும் நேரம் இது. வருமான வரம்பையும் படித்தொகையையும் உயர்த்தச் சொல்லி நம் மக்களவை உறுப்பினர்கள் இப்போதே பேச வேண்டும். மாநில அரசு டெல்லியைக் காட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. விடுதிகளுக்குச் சமூகநீதி என்று பெயர் சூட்டியதை வரவேற்கிறோம். அந்தச் சொல் கட்டணக் கவுண்ட்டர்வரை வரட்டும். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மாதத்திலேயே தகுதியுள்ள ஒவ்வொருவர் கையிலும் கட்டணமில்லாச் சேர்க்கைக்கான அட்டை இருக்க வேண்டும். நிலுவையைக் காட்டி மாணவரை வெளியே நிறுத்தும் கல்லூரிமீது நடவடிக்கை வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் இணைந்திருப்பது வேறு. எந்தக் கணக்கோடு கடைசியாக இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் இப்போதே புதுப்பியுங்கள். தொழிற்படிப்பில் சேருமுன் அது கலந்தாய்வு இடமா, நிர்வாக ஒதுக்கீட்டு இடமா என்று கேளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டை ஒன்றிய அரசின் விதிகள் சேர்ப்பதில்லை. கல்லூரி பணம் கேட்டு நெருக்கினால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வாருங்கள்.

ஊருக்கு ஊர் பட்டதாரி அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். தெருவில் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவர் விண்ணப்பமும் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மனு கொடுக்கும்போது கூடப் போய் நிற்பது அவர்கள் வேலை. தனியாகப் போகும் மாணவரைத் திருப்பி அனுப்புவது எளிது. பட்டியலோடு வரும் தெருவை அப்படி அனுப்பிவிட முடியாது.