தலையெழுத்தும் தொட்டிலும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயில் வேப்பமரத்தில் என் அக்காள் ஒரு சிறு மரத்தொட்டிலைக் கட்டினாள். அவளுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அந்த மரத்தில் அவள் கட்டிய மூன்றாவது தொட்டில் அது. அருகில் நின்ற அத்தை, "எல்லாம் அவ தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டார். அடுத்த மூச்சிலேயே, "சஷ்டி விரதத்தை ஒழுங்கா இருந்திருந்தா இந்நேரம்..." என்று இழுத்தார். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்ற பழமொழிக்கு, சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்று பொருள் சொல்பவர் அவர்.

அன்று எழுந்த ஐயத்தைத்தான் இங்கே எழுதத் துணிந்திருக்கின்றேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. தலையெழுத்துத்தான் காரணம் என்றால், விரதம் தவறியதாக அக்காளைக் குறை கூறுவது ஏன்? விரதத்தால் மாறக்கூடியது என்றால், அதற்குத் தலையெழுத்து என்ற பெயர் எதற்கு?

இந்தக் குழப்பம் அத்தைக்கு மட்டும் உரியதன்று. வள்ளுவரே 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பேசிவிட்டு, 62ஆம் அதிகாரத்தில் தளராது முயல்வோர் ஊழையும் வெல்வர் என்கின்றார். இந்த விஷயத்தில் தயங்காதவர்கள் ஆசீவகர்கள். புத்தர் காலத்தவரான மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்ட அவர்கள், எல்லாம் நியதி என்றனர். உருட்டிவிட்ட நூற்கண்டு நூல் தீரும்வரை உருளுவது போல, உயிரும் தன் சுற்றை முடித்தே தீருமாம். முயற்சியால் ஆவது ஒன்றுமில்லையாம். மணிமேகலை அவர்கள் கூற்றைக் கேட்டுவிட்டு அப்பால் செல்கின்றாள். நீலகேசி வாதிட்டு வெல்கின்றாள். தோற்ற கட்சிதான். ஆயினும் அதில் ஒரு நேர்மை உண்டு. அதை உண்மையாக நம்புகின்றவனால் எவரையும் பழிக்க முடியாது. என் அத்தை ஆசீவகராக இருந்திருந்தால் அக்காள் அன்று கோயில் குளத்தங்கரையில் அழுதிருக்க மாட்டாள்.

அத்தையைப் பழிக்கும் நான் மட்டும் ஒழுங்கா? இரண்டாம் ஆண்டில் ஒரு தாளில் அரியர் வைத்தபோது, "நேரம் சரியில்லை" என்று அம்மாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் தவறியபோது, "படிக்கவில்லை, ஊர் சுற்றினான்" என்றேன். நமக்கென்றால் விதி, பிறருக்கென்றால் மதி!

விஞ்ஞானத்திடம் கேட்கலாம் என்றால் அங்கும் வழக்கு முடியவில்லை. 1983இல் அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் லிபெட், விரலை அசைக்க வேண்டும் என்று நாம் உணருவதற்கு முன்பே மூளையில் அதற்கான ஆயத்தம் தொடங்கிவிடுவதாகச் சோதனையில் காட்டினார். அந்த ஆயத்தம் என்பது மூளையின் சாதாரண ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று 2012இல் வேறு சிலர் மறுத்தனர். விரல் அசைவுக்கே இவ்வளவு வழக்கென்றால், பிள்ளை பெறுவதை யார் முடிவு செய்கின்றார்கள் என்பதை எங்கே போய்க் கேட்பது?

சமயம் ஒரு விடை தருகின்றது. பிறக்கும் உயிர் தன் முன்வினைக்கு ஏற்ற கருவை அடைகின்றது என்பதே அது. கெட்டிக்கார விடை! பெற்றவரும் தப்பினர், கடவுளும் தப்பினார்; பிறந்த குழந்தையே தன் பிறப்புக்குப் பொறுப்பாளி ஆகிவிட்டது. நினைவிலேயே இல்லாத குற்றத்துக்குத் தண்டனை விதிக்கும் நீதிமன்றத்தை நாம் ஒப்புவோமா? இதனால் என்னை நாத்திகன் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். தேர்வு நாளன்று பிள்ளையார் முன் நானும் நிற்பவன்தான்.

பிள்ளை எதற்கு என்று உறவினர் பலரைக் கேட்டுப் பார்த்தேன். கொள்ளி வைக்க, வம்சம் விளங்க, வயதான காலத்தில் சோறு போட, ஊர் வாயை மூட. இவற்றில் ஒன்றுகூடப் பிறக்கப் போகும் பிள்ளைக்காக இல்லை. இருக்கவும் முடியாது; இன்னும் இல்லாத ஒருவருக்கு நன்மை தீமை ஏது? தன்னைக் கேளாமல் பெற்றதற்காகப் பெற்றோர் மீது வழக்குத் தொடுப்பேன் என்று 2019இல் மும்பையில் ஓர் இளைஞர் அறிவித்தபோது நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தேடினேன். கிடைக்கவில்லை.

இவ்வளவையும் மனத்தில் சுமந்துகொண்டு, ஒரு நாள் மாலை அக்காளிடமே கேட்டேன். "உனக்குப் பிள்ளை எதுக்கு அக்கா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தவில்லை. "பசிக்கிறவளைப் பார்த்து ஏன் பசிக்கிறதுன்னு கேப்பியாடா?" என்றாள்.

என் தத்துவமெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. நாம் விரும்பியதைச் செய்யலாம். விரும்புவதையே நாம் தேர்ந்தெடுக்கின்றோமா? எழுந்து போகப் பார்த்தேன். அவளாகவே பேசினாள்: "யாரும் விசேஷமான்னு கேக்காத ஊர் ஒண்ணு இருந்து, அங்கே நான் இருந்திருந்தா இந்தப் பசி எனக்கு இருக்குமா? அதுதான்டா எனக்கே தெரியலை."

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் கடக்கவில்லை. ஏழு ஆண்டுகளாக ஊரே கேட்டுக் கேட்டு வளர்த்த ஆசையில் எந்தப் பங்கு அவளுடையது? அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியாததை நான் எப்படிப் பிரிப்பேன்? ஆசை அவளுடையதோ ஊருடையதோ, அழுகை அவளுடையது. அதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

அடுத்த மாதம் அம்மா அவளைத் திருக்கருகாவூருக்கு அழைத்துச் செல்கின்றார். பை தூக்க நானும் போகின்றேன். இதற்கிடையில் மருத்துவர், கணவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு ஆண்டு விரதமும் அக்காளுக்கே, இரண்டு ஆண்டு மாத்திரையும் அக்காளுக்கே. அத்தானிடம் இதை யார் எடுத்துச் சொல்வது என்று வீட்டில் பேச்சு வந்தால், அப்பா என்னைப் பார்க்கின்றார். நான் அம்மாவைப் பார்க்கின்றேன். அம்மா சுவரில் உள்ள முருகன் படத்தைப் பார்க்கின்றார்.