வலிக்கு யந்திரம்; வேலைக்கு வரம்பு எங்கே?

"தொழிலாளர் நலம்" என்ற பேச்சு இன்று நிர்வாகங்களின் வாயில் தாராளமாகப் புழங்குகிறது. சில கம்பெனிகள் ஓய்வறையில் உடம்பு பிடித்துவிடும் மின்சார யந்திரங்களை வாங்கி வைத்திருக்கின்றன. முதுகில் வைத்தால் அதிர்கிறது, தோளைப் பிசைகிறது, பத்து நிமிஷம் சுகமாக இருக்கிறது.

நாம் இதை வேண்டாமென்று சொல்லவில்லை. இறுகிய தசை தளரும். வலி சற்று அடங்கும். உழைக்கிறவருக்குச் சுகம் கூடாதென்று சொல்ல நாம் யார்? ஆனால் அந்த வலி எங்கிருந்து வந்தது? நாம் கேட்பது இதைத்தான்.

நூற்பாலையில் ரிங் பிரேம் பார்க்கும் பெண் தொழிலாளர்கள் ஷிப்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இழை அறுந்த இடமெல்லாம் கை போக வேண்டும். பார்க்க வேண்டிய பிரேம்கள் கூடினால் நடையும் கூடுகிறது. பத்து நிமிஷத்தில் இறங்கிய வலி அடுத்த ஷிப்டில் மறுபடியும் ஏறிவிடுகிறது. மேலும், புதுக் காயம், எலும்பு முறிவு, காலில் ரத்தக் கட்டி உள்ளவர்களுக்கு இந்த யந்திரம் ஆபத்தாகவும் முடியும். டாக்டர் செய்ய வேண்டிய வேலையை யந்திரம் செய்யாது.

நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக்கூடாது, அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. கடைகளில் நிற்பவர்களுக்கு உட்காரும் உரிமையைக் கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் சட்டமாக்கின. ஒரு நாற்காலி பெற இத்தனை காலம்!

2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. மே 1 அன்று, மசோதா வாபஸ் என முதலமைச்சர் அறிவித்தார். 1923-ல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு நிறைந்த நாள் அது! அன்று நாம் காப்பாற்றிய மணி நேரங்களுக்கு ஈடான மருந்து எந்த யந்திரத்திலும் இல்லை.

வயலுக்கு வாருங்கள். நாளெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நடும் தாய்மாரின் இடுப்புக்கு யார் யந்திரம் வைத்தார்கள்? ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியாவது உண்டு. விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

ஆகவே யந்திரம் வந்தால் வரட்டும். ஆனால் ஒருவர் எத்தனை பிரேம் பார்ப்பது என்பதைச் சங்கத்துடன் பேசி முடிவு செய்! உட்கார இடம் கொடு! கூலி பிடிக்காமல் ஓய்வு கொடு! வயலில் பாடுபடுகிறவருக்கும் வைத்திய வசதி கொடு! யந்திரத்தைக் காட்டி வேலைப் பளுவை ஏற்ற வந்தால் ஒருநாளும் ஒப்பமாட்டோம்.

தோழர்களே! வலியை ஓய்வறையில் தனித்தனியாக ஆற்றிக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். அதைச் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முனகல். எல்லோரும் சேர்ந்து சொன்னால் கோரிக்கை.