சோறு மட்டும் போதுமா?



2024 டிசம்பரில் முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கடற்கரையில் ஒரு படகு வந்து சேர்ந்தது. பெண்களும் சிறு குழந்தைகளுமாக நூற்றுக்கும் அதிகமான றோஹிங்யா அகதிகள் அதில் இருந்தார்கள். அவர்கள் எங்கே போகப் புறப்பட்டார்கள் என்று கேட்டறிவதற்குக்கூட மொழி பெருந்தடையாக நின்றது.

பசித்தவருக்குச் சோறு கொடுத்துவிடலாம். ஆனால் எங்கே பதிவது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை யாரிடம் காட்டுவது, வழியில் பிரிந்தவரை எப்படித் தேடுவது என்று தெரியாமல் தவிப்பவருக்குச் செய்தியும் ஓர் உணவுதான். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கி அறிவித்தல் ஒன்றோடு அவர்களுடைய வாழ்வே புரண்டது. அடுத்து என்ன என்று சொல்லத்தான் எவரும் இருக்கவில்லை.

இன்று கைத்தொலைபேசி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று நினைக்கிறோம். பங்களாதேஷின் கொக்ஸ் பஜார் முகாம்களைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

2017 ஆகஸ்ட் 25க்குப் பின்னர் மியன்மாரிலிருந்து 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே தஞ்சம் புகுந்தனர். 2019 செப்டெம்பரில் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அம்முகாம்களில் வேகமான இணைய வசதியை அரசு நிறுத்தியது. 2020 ஆகஸ்ட் வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. இடையில் கொவிட் வந்தது. "நோய் இருப்பது தெரிந்தால் கொன்றுவிடுவார்களாம்" என்ற வதந்தி கூடாரத்துக்குக் கூடாரம் பரவியது. பரிசோதனைக்குப் போகவே பலர் அஞ்சினார்கள். உண்மை வரும் வழியை அடைத்தால் பொய் வேலி பாய்ந்து வந்துவிடும் அல்லவா?

இணையம் கிடைத்தாலும் மொழி விளங்க வேண்டும். றோஹிங்யா மக்களில் பெரும்பாலோர் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள். அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தால் அவர்களுக்குப் பயன் குறைவு. வாயால் பேசி அனுப்பும் குரல் பதிவுதான் உதவுகிறது. இதை உணர்ந்து, எல்லையற்ற மொழிபெயர்ப்பாளர்கள் என்ற தொண்டு நிறுவனம், தொலைபேசியில் பார்க்கக்கூடிய ஒரு சொற்தொகுதியைத் தயாரித்தது. றோஹிங்யா, சிட்டகொங் மொழி, வங்காளம், பர்மியம், ஆங்கிலம் ஆகியவற்றில் ஒரே சொல்லை அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? றோஹிங்யாப் பெண்கள் மாதவிலக்கை வெளிப்படையாகச் சொல்லக் கூசி, "குசோல்" என்பார்கள். குளிப்பு என்று பொருள். நமது வீடுகளிலும் இதை மறைத்துத்தானே பேசுகிறோம்! இந்த வழக்கம் தெரியாத மொழிபெயர்ப்பாளர், "இவருக்குக் குளிப்பதில் ஏதோ கஷ்டமாம்" என்று வைத்தியரிடம் சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணின் நோய் யாருக்கு விளங்கும்?

இன்னொரு தடையும் உண்டு. முகாம்களில் தொலைபேசி பெரும்பாலும் ஆண்களின் கையில்தான். கணவரோ தகப்பனோ கேட்டு வந்து சொன்னால்தான் பெண்ணுக்குச் செய்தி. பிரசவம், உள்நோய், வீட்டுக்குள் நடக்கும் அடி உதை இவற்றைப் பற்றி அவள் யாரிடம் இரவல் தொலைபேசி கேட்பாள்? அதனால்தான் "ஷாந்தி கானா" எனப்படும் பெண்களுக்கான தனி இடங்கள் அங்கே மிகவும் வேண்டியவையாக இருக்கின்றன. பெண்ணொருத்தி பெண்ணிடம் முகம் பார்த்துக் கேட்கும் வசதியை எந்தக் கருவியும் ஈடுசெய்யாது. கருவி அதற்குத் துணையாக நிற்கலாம்.

சகோதரிகளே, முகாம் தூரத்தில் இருக்கலாம். ஆனால் இந்தக் குறை நமது வீடுகளிலும் இல்லையா? வாசிக்கத் தெரியாத உம்மம்மாவுக்கு முக்கியமான செய்தியைக் குரலில் பதிந்து அனுப்புங்கள். மகனுக்குத் தெரிந்த அவசர இலக்கம் மகளுக்கும் தெரிந்திருக்கட்டும். வந்த செய்தியை நாலு பேருக்கு அனுப்புமுன், "இதை யார் சொன்னது?" என்று ஒரு முறை கேளுங்கள்.

நாளை இன்னொரு படகு நமது கரைக்கு வந்தால், ஒரு கையில் சோற்றையும் மறு கையில் அவர்களுக்கு விளங்கும் ஒரு சொல்லையும் நீட்டுவோம். இரண்டும் உயிர் காப்பவையே.