மின்கட்டண விசாரணையும் மக்கள் கடமையும்

மின்சாரத்தின் விலையை முடிவு செய்பவர் யார் என்று ஒரு சிற்றூரில் வினவினால், 'அரசாங்கம்' என்றோ 'மின்சார வாரியம்' என்றோ விடை வரும். இவ்விடை ஒரு காலத்தில் பொருந்தியதே. 1948-ஆம் ஆண்டின் மின்வழங்கற் சட்டத்தின்கீழ் அமைந்த மாநில வாரியங்கள் மின்சாரத்தை ஆக்கின. அவையே கொண்டு சேர்த்தன. அவையே விலையும் குறித்தன. பின்னர் நிலைமை மாறிற்று. ஒரிசா மாநிலம் 1995-இல் தனிச்சட்டம் இயற்றி, ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றை முதன்முதலாக அமைத்தது. 1998-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், அதனினும் விரிவான 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் அம்முறையை நாடெங்கும் பரப்பின. விலை குறிக்கும் அதிகாரம் ஆணையங்களிடம் சேர்ந்தது. அவ்வதிகாரத்துடன் ஒரு கடமையும் பிணைக்கப்பட்டது. மக்கள் கூறுவதைக் கேளாமல் கட்டண ஆணை பிறப்பித்தலாகாது என்பதே அக்கடமை.

சட்டத்தின் 64-ஆவது பிரிவு இதற்குரிய நெறியை வகுத்துள்ளது. மின்வழங்கல் நிறுவனம் தன் வரவு செலவுக் கணக்குடன் விண்ணப்பம் செய்தல் வேண்டும். அதன் சுருக்கத்தை வெளியிடுதல் வேண்டும். பொதுமக்களிடமிருந்து வரும் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் ஆணையம் ஆராய்தல் வேண்டும். விண்ணப்பம் கிடைத்த 120 நாட்களுக்குள் முடிவு கூறுதல் வேண்டும். நிறுவனங்கள் நவம்பர் இறுதிக்குள் விண்ணப்பம் செய்ய, புதிய கட்டணம் ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வருவதே பொது வழக்கம். ஆதலின் இடைப்பட்ட பனிக்கால மாதங்களே மக்கள் வாய் திறத்தற்குரிய காலம். அக்காலத்தை நழுவவிட்டுச் சித்திரையில் பட்டியலைக் கண்டு வருந்துவோரே மிகுதி.

நுகர்வோருக்கு இவ்வுரிமை தானாக வந்து வாய்த்ததன்று. கல்கத்தா நகரின் மின்கட்டணம் பற்றிய வழக்கொன்றில், நுகர்வோரின் வாதத்தைக் கேட்கும் கடப்பாடு ஆணையத்துக்கு உண்டா என்ற ஐயம் எழுந்தது. உயர் நீதிமன்றம் நுகர்வோருக்கு எதிராகக் கருதிற்று. 2002-இல் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை மறுத்து, கேட்கப்படும் உரிமை சட்டம் அளித்த உரிமையே என்றும், அதைப் பயன்படுத்தும் முறையை மட்டும் ஆணையம் ஒழுங்கு செய்யலாம் என்றும் தீர்ப்பளித்தது. மறுத்துப் பின்னர் மீட்கப்பட்ட உரிமை இது. இதைப் பயன்படுத்தாமல் விடுவது தகாது.

'மின்சாரக் கணக்கு நிபுணர்க்கே உரியது. பாமர மக்கள் கட்டணத்தை உயர்த்த வேண்டாம் என்று கூறுவதன்றி வேறென்ன கூறப்போகின்றனர்?' என்பது இவ்விசாரணைகளின் மீது சாட்டப்படும் பெருங்குறை. இக்கூற்றை மகாராஷ்டிர மாநில அனுபவம் பொய்யாக்கிற்று. அங்கு ஆணையம் முதன்முதலாக நடத்திய கட்டண விசாரணை 2000-ஆம் ஆண்டில் முடிவுற்றது. புனே நகரிலுள்ள பிரயாஸ் என்னும் தொண்டு அமைப்பினரும் பிற நுகர்வோரும் அதிற் கலந்துகொண்டு, உழவர்களின் பம்புகள் உண்பதாகக் காட்டப்பட்ட மின்சாரத்தின் அளவை வினவினர். மீட்டர் பொருத்தப்படாத பம்புகளின் பயனீடு மதிப்பீட்டளவே அன்றி அளந்தறிந்த அளவன்று. அம்மதிப்பீடு மிகைப்பட்டது என்பதும், வழியிற் கசிந்ததும் களவு போனதுமான மின்சாரத்தின் பெரும்பகுதி உழவர் கணக்கில் எழுதப்பட்டிருந்தது என்பதும் வெளிப்பட்டன. இழப்பு அதுவரை காட்டப்பட்டதினும் மிகப் பெரிது என்பதை வாரியமே ஏற்க நேர்ந்தது. உரிய வினாவைத் தக்க இடத்தில் எழுப்பியதன் பயன் இது.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு நிறுவனம் 100 யூனிட் மின்சாரத்தை யூனிட் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் 500 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். வழியில் 20 யூனிட் இழப்பாயின், மீதமுள்ள 80 யூனிட்டிலிருந்தே 500 ரூபாயும் திரும்ப வேண்டும். யூனிட்டின் விலை, பிற செலவுகளைச் சேர்க்குமுன்னரே, 6 ரூபாய் 25 காசு ஆகிவிடுகின்றது. இழப்பு 15 யூனிட்டாகக் குறையின் விலை ஏறத்தாழ 5 ரூபாய் 88 காசு. ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் இழப்புக்கு ஓர் எல்லை வகுக்கின்றது. எல்லையை மீறிய இழப்பை நுகர்வோர் தலையில் ஏற்றுதல் முறையன்று. ஆனால் இழப்பென்னும் பெயரை மாற்றி, 'உழவர் பயனீடு' என்று எழுதிவிட்டால் அவ்வெல்லை பயனற்றுப் போகின்றது. பாரம் மானியமாகவோ பிறர் கட்டணமாகவோ மக்களிடமே திரும்புகின்றது. எட்டாம் வகுப்பு மாணவனுக்கு எட்டும் இக்கணக்கை நிபுணர்க்கே உரியதென்று ஒதுக்குதல் பொருந்தாது.

இனி வரும் விசாரணைகளில் இன்னும் நுட்பமான வினாக்கள் எழும். 2023-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், நாளின் வேளைக்கேற்பக் கட்டணம் மாறும் முறையை வகுத்தன. கதிரவன் ஒளி மிகுந்த வேளையில் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்திருத்தல் வேண்டும். தேவை மிகுந்த வேளையில் சாதாரண நுகர்வோர்க்குக் குறைந்தது 10 விழுக்காடு உயர்ந்திருத்தல் வேண்டும். கதிரொளி மின்சாரம் பெருகிவரும் நாட்டில் இந்நோக்கம் நன்றே. எனினும் பகலெல்லாம் வயலில் உழைத்து, அந்திக்குப் பின்னரே அடுப்பும் விளக்கும் ஏற்றும் குடும்பம் தன் தேவையை நண்பகலுக்கு மாற்றிக்கொள்ள இயலுமா? உச்ச வேளை எது என்று குறிப்பது மாநில ஆணையம். அக்குடும்பத்தின் நிலையை ஆணையத்தின்முன் எடுத்துரைப்பார் இலராயின், அது கணக்கில் வாராது. அன்றியும், எரிபொருளின் விலையேற்றத்தை மாதந்தோறும் தனி ஒப்புதலின்றியே கட்டணத்தில் சேர்க்க 2022-ஆம் ஆண்டின் விதித்திருத்தம் இடமளித்தது. ஆதலின், ஆண்டு முடிவில் கணக்குச் சரிபார்க்கப்படும் விசாரணையின் மதிப்பு முன்னினும் உயர்ந்துள்ளது.

கட்டணத்தை மட்டுமன்றி, மின்நிலையமும் சுரங்கமும் எழும்பும் இடத்தையும் விசாரணை தொடுகின்றது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்களுக்கு முன் அவ்விடத்திலோ அதன் அருகிலோ பொதுவிசாரணை நடத்தல் வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமை, நிகழ்ச்சி முழுவதையும் படம்பிடித்தல் ஆகியவை அதன் விதிகள். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில் படித்துக் காட்டப்படுதலும் வேண்டும். ஆனால் இத்தனை பேர் வந்திருத்தல் வேண்டும் என்ற வரையறை இல்லை. ஒருவரும் வாராத கூட்டமும் நடந்த கூட்டமாகவே எண்ணப்படும்.

ஆணையங்களின் மீதும் குறை உண்டு. விண்ணப்பங்கள் பல நூறு பக்கங்கள் கொண்ட ஆங்கில ஏடுகளாகவே பெரும்பாலும் வருகின்றன. மக்கள் மொழியில் கிடைப்பது மெலிந்த சுருக்கமே. மொழி என்பது இங்கு அலங்காரமன்று. உரிமையின் வாயிலே அது. 2020-இல் வெளிவந்த சுற்றுச்சூழல் அறிவிக்கை வரைவைப் பற்றிய வழக்கில், அதனை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் பணித்தது. ஒரு மொழியில் மட்டும் விடுக்கப்பட்ட அழைப்பு, அம்மொழி அறியாதாரை அழைத்ததாகாது. ஆதலின், கணக்குப் பட்டியல்கள் உள்ளிட்ட முக்கியப் பகுதிகள் மாநில மொழியில் வெளிவருதலும், விசாரணை தலைநகரோடு நில்லாது மாவட்டங்களிலும் நடத்தலும், எழுதி அளித்த ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் ஆணையில் காரணத்துடன் விடை காணப்படுதலும் இன்றியமையாதன. தம் செயல்களில் ஒளிவுமறைவின்மையைக் காத்தல் வேண்டும் என்று சட்டத்தின் 86-ஆவது பிரிவு மாநில ஆணையங்களைப் பணித்துள்ளது.

இவ்வளவும் நிறைவேறிய பின்னரே மக்கள் பங்குகொள்ளலாம் என்று காத்திருத்தல் வேண்டுவதில்லை. களப்பணியாளர்கள் தம் வட்டத்தில் மீட்டரில்லாப் பம்புகள் எத்தனை, நாளொன்றுக்கு மின்சாரம் கிடைக்கும் மணி எத்தனை, மின்மாற்றி பழுதுற்றால் மாற்றப்படும் நாட்கள் எத்தனை என்பனவற்றை அறிவர். தலைநகரத்து நிபுணர் எவரிடமும் இல்லாத செல்வம் இது. ஆசிரியர்கள் கட்டண விளம்பரத்தை வகுப்பில் கணக்குப் பாடமாக்கலாம். விழுக்காடு, சராசரி, இழப்பு முதலியவற்றை மாணவர் தம் வீட்டு மின்பட்டியலைக் கொண்டே கற்பர். வெளியிடப்பட்ட ஆவணத்தைப் பொருள் விளங்கப் படித்துக் காட்டுதல் கட்சி அரசியலாகாது, அது கல்விப்பணியே.

எழுதப்படும் ஆட்சேபணை நீண்டதாக இருத்தல் வேண்டுவதில்லை. விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்து எந்த எண்ணைப் பற்றியது, கண்டறிந்த உண்மை யாது, வேண்டுவது யாது என்ற மூன்றும் தெளிவாக இருந்தாற் போதும். 'கட்டணம் உயரக் கூடாது' என்னும் ஆயிரம் கையெழுத்துகளைக் காட்டிலும், 'இவ்வூரில் பம்புகள் ஓடுவது நாளொன்றுக்கு ஆறு மணி. கணக்கில் எழுதியிருப்பது ஒன்பது மணி' என்று சான்றுடன் கூறும் ஒரு கடிதத்துக்கு வலிமை மிகுதி. முன்னதைக் கருணை வேண்டுகோள் என்று ஆணையம் ஒதுக்கிவிடலாம். பின்னதற்கு அது விடை கூறியே தீர வேண்டும். கூறாது விடின், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின்முன் அக்குறையே வழக்கிற்கு அடிப்படையாகும்.